சுவிஸ் பிராங்கைப் பவுண்ஸாக்க எந்த வழி?

சுவிஸில் சம்பளம், லண்டனில் கலியாணம். எங்கள் ஆட்கள் பலருக்கு அடிக்கடி வரும் செலவு இது. அக்காவின் மகளுக்காக 2,000 பிராங்கை மாற்ற வேண்டியிருந்தபோது நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கணக்கு எளிதாக இருக்க, சந்தையின் நடுவிலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள விலை, 1 பவுண்ஸுக்கு 1.10 பிராங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதமும் கழியாவிட்டால் 1,818 பவுண்ஸ் வரவேண்டும்.

முதலில் காசாக மாற்றுகிற கவுண்டர். 'கட்டணம் இல்லை' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் லாபம் விலைக்குள்ளேயே இருக்கிறது. பலகையில் 1.15 என்று இருந்தால் கைக்கு வருவது 1,739. போன 79 பவுண்ஸ் எந்த ரசீதிலும் தெரியாது. விமான நிலையத்தில் இது இன்னும் மோசமாகும். நோட்டுகளை மட்டுமே வாங்குவார்கள் என்பதால் 5 பிராங் குற்றிகளை இங்கேயே செலவழித்துவிட்டுப் போங்கள்.

வங்கி மூலம் அனுப்பினால் விலை கொஞ்சம் நல்லது. 1.12 கொடுத்தால் 1,786 வரும். ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சுவிஸும் பிரித்தானியாவும் 'செப்பா' என்ற ஐரோப்பியப் பணப்பரிமாற்ற வலையமைப்பில் இருப்பதால் செலவில்லாமல் போய்விடும் என்று நினைப்பார்கள். செப்பாவில் ஓடுவது யூரோ மட்டும். பவுண்ஸ் 'ஸ்விஃப்ட்' என்ற உலக வங்கிகளின் வலையமைப்பு வழியாகப் போகும், இடையில் இன்னொரு வங்கி இருந்தால் அதுவும் தன் பங்கைக் கழிக்கலாம். படிவத்தில் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி வரும். 'பகிர்வு' என்று விட்டால் அக்காவின் கணக்குக்குக் குறைந்த தொகைதான் போய்ச் சேரக்கூடும்.

வைஸ் போன்ற செயலிகள் நடுவிலையையே தருகின்றன, கட்டணத்தைத் தனியாகக் காட்டுகின்றன. கட்டணம் 10 பிராங் என்றால் மீதி 1,990 மாறி 1,809 பவுண்ஸ் சேரும். அனுப்பும் முன்பே அந்த எண் திரையில் தெரிவதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். ரெவலூட்டும் மலிவுதான், ஆனால் சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறில் சாதாரணக் கணக்குக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வெள்ளி பகலுக்குள் மாற்றிவிடுங்கள்.

நான்காவது, லண்டனில் அட்டையைத் தேய்ப்பது. இயந்திரம் 'பிராங்கா, பவுண்ஸா' என்று கேட்டால் தயங்காமல் பவுண்ஸை அழுத்துங்கள். பிராங்கை அழுத்தினால் கடைப்பக்கம் வைக்கும் மோசமான விலை வரும். தெரிந்த நாணயம் என்று அம்மா அழுத்தியது அதைத்தான். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை, கேள்வியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. பவுண்ஸை அழுத்தினாலும் பல சுவிஸ் அட்டைகள் வெளிநாட்டுக் கட்டணம் எடுக்கும். அதனால் சின்னச் செலவுக்கு இது போதும், பெரிய தொகைக்கு வேண்டாம்.

நல்ல விலைக்காகக் காத்திருக்கலாமா என்று மாமா கேட்டார். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தடுத்துவந்த எல்லையைக் கைவிட்டதும் பிராங் ஒரே காலையில் பாய்ந்தது. 2016 ஜூனில் பிரெக்சிட் முடிவோடு பவுண்ஸ் சரிந்தது. இரண்டு முறையும் பிராங் வைத்திருந்தவருக்கு லாபம்தான், ஆனால் முதல்நாள் அதை அறிந்து காத்திருந்தவர் நம்மில் யார்? கலியாணத் தேதி தெரிந்தபின் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த 79 பவுண்ஸைக் காப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

நான் செயலியிலேயே அனுப்பினேன். கலியாண உறையில் வைக்க மட்டும் கொஞ்சம் நோட்டு வேண்டும் என்றார் அம்மா. அதை லண்டனில் இறங்கியபின் ஏடிஎம்மில் எடுத்தோம். அவர் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த பழைய காகித 20 பவுண்ஸ் நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. இங்கிலாந்து வங்கியில் அவற்றை எப்போதும் மாற்றலாம், முகமதிப்பு அப்படியே கிடைக்கும்.