ஆறு பேர் டென்ட், நான்கு பேர் நாங்கள்: ஏழு வருட அனுபவம்

முதலில் வாங்கியது நான்கு பேர் டென்ட். நாங்கள் நான்கு பேர்தானே என்று கணக்குப் போட்டோம். டென்டில் போட்டிருக்கும் எண் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் எத்தனை பேர் என்பதற்கானது. பைகளுக்கும், தூக்கத்தில் புரண்டுகொண்டே இருக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் அதில் இடமில்லை. மறு வருடம் ஆறு பேர் டென்டுக்கு மாறினோம், ஏழு வருடமாக அதுதான் ஓடுகிறது. இப்போது பையனுக்கு 13, மகளுக்கு 15.

பிள்ளைகளோடு டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இரவுத் தூக்கம் என்பேன். பகலுக்கு ஒரு ஓடையும் கொஞ்சம் கூழாங்கல்லும் இருந்தால் போதும், அவர்களே விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். குளிரில் விழித்து விழித்துப் படுத்த பிள்ளையோ மறுநாள் முழுக்கச் சிணுங்கும்.

ஆரம்பத்தில் பையன் குளிருது என்றால் மேலே இன்னொரு போர்வை போடுவோம். பலனே இல்லை. குளிர் வந்தது கீழேயிருந்து. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடல் பாரத்தில் நசுங்கிவிடும், தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாதாரண காற்று மெத்தையும் உதவவில்லை, உள்ளே இருக்கும் காற்றே சில்லிட்டுப் போகிறது. அப்புறம்தான் மெத்தைகளின் ஆர் மதிப்பைப் பார்க்கத் தொடங்கினேன். எண் கூடக் கூட, சூடு தரைக்குப் போவது குறையும். ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் மதிப்புகளும் கூடும்: 2 உள்ள ஃபோம் பாயின் மேல் 3 உள்ள மெத்தை போட்டால் 5. அப்படி விரித்த முதல் இரவு பையன் விடியும் வரை அசையவில்லை. பெரியவர்கள் ஸ்லீப்பிங் பேக்கில் சின்னப் பிள்ளையைப் படுக்க வைப்பதாக இருந்தால், கால் பக்கம் மிஞ்சுவதை மடித்துக் கட்டிவிடுங்கள். காலியிடத்தைச் சூடாக்குவதிலேயே பிள்ளையின் உடல் சூடு போய்விடும்.

இரண்டாம் வருடம் ஒருநாள் காலையில் டென்டின் உட்புறமெல்லாம் ஈரம். மழையே இல்லை. டென்ட் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடிவிட்டதால், நான்கு பேரின் மூச்சுக்காற்றிலிருந்த ஈரம் துணியில் படிந்திருந்தது. இப்போது எந்தக் குளிரிலும் மேலே ஒரு திறப்பை விட்டுவைக்கிறோம்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: எவ்வளவு மழை பெய்தாலும் அடுப்பு டென்டுக்குள் வராது. தீ ஒருபுறம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பிள்ளைகளுக்கு இந்தப் பயணங்கள் பிடித்துப்போனது நிஜமான வேலை கையில் கிடைத்த பிறகுதான். மகளுக்கு டென்டைத் தரையோடு பிடித்து வைக்கும் முளைகள். 18 முளைகளையும் எண்ணி எடுப்பதும், எண்ணித் திருப்பிப் பையில் போடுவதும் அவள் பொறுப்பு. முளையின் தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொள்ளாது என்று இப்போது எனக்கே சொல்லித் தருகிறாள். பையனுக்கு டார்ச்சுகள். அவனுக்கு இருட்டென்றால் பயம் இருந்தது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து, கேட்கிற சத்தங்களை எல்லாம் எண்ணினோம். பூச்சி, தவளை, துணியில் மோதும் காற்று என்று ஒவ்வொன்றாக அவனே பெயர் சொன்னான். அன்றைக்கு மேல் ராத்திரி என்னை எழுப்புவது குறைந்துவிட்டது. இருவர் கழுத்திலும் விசில் உண்டு. வழி தவறினால் அங்கேயே ஒரு மரத்தடியில் நின்று, மும்மூன்றாக ஊத வேண்டும். போகிற இடத்திலெல்லாம் இதை ஒருதரம் செய்து பார்த்துவிடுவோம்.

டென்ட் எப்படி இருக்கிறது என்றால், கம்பிகளில் குறையில்லை, ஜிப் கொஞ்சம் இறுகியிருக்கிறது. ஐந்தாம் வருடம் நனைந்த டென்டை அப்படியே சுருட்டி இரண்டு வாரம் விட்டுவிட்டேன். பூஞ்சைக் கறை இன்னும் போகவில்லை, அந்த மூலையில் உட்பூச்சும் பிசுபிசுக்கிறது. எவ்வளவு களைத்து வந்தாலும் அன்றைக்கே விரித்துக் காய வைத்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கையும் இறுக்கிக் கட்டி வைக்காமல் தளர்வாக வையுங்கள்.

மகள் இந்த வருடம் தனி டென்ட் கேட்கிறாள். எங்களுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ள, இரண்டு பேர் டென்ட் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.