பிடின் எண்ணை லைசென்ஸ் என்று சொல்லி விற்கிறார்கள், பார்த்துச் சேருங்கள்

கோவையில் 'யூஎஸ் டாக்ஸ் பிரிப்பேரர் பயிற்சி, நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று விளம்பரம் பார்த்துவிட்டுச் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 76,700 ரூபாய் கட்டினேன். அதற்குக் கிடைத்தது கழுகுப் படம் போட்டு லேமினேட் செய்த ஒரு சான்றிதழும், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் வரிப்படிவம் தயாரிப்பவர்களுக்குத் தரும் பிடின் (PTIN) எண்ணும், அதாவது பி என்ற எழுத்தோடு எட்டு இலக்கம் சேர்ந்த ஓர் எண்ணும். அந்த எண்ணை நானே விண்ணப்பித்து வாங்கியிருந்தால் அப்போது செலவு 19.75 டாலர். நம் காசில் கிட்டத்தட்ட ரூ. 1,700.

பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருடமாக ஜிஎஸ்டிஆர்-1, 3பி போட்டுக்கொண்டிருந்தவன் நான். அமெரிக்க வரிவேலைக்கு இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பது பொய்யில்லை, கூடப் படித்த இரண்டு பேர் பெங்களூரில் அந்த வேலைதான் பார்க்கிறார்கள். அந்த ஆசையில் 2024 நவம்பரில் போய் உட்கார்ந்தேன். கவுன்சலர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, இது சும்மா சர்டிபிகேட் இல்லீங்க. ஐஆர்எஸ்ஸே தர்ற லைசென்ஸ். இந்த நம்பர் இருந்தா அமெரிக்காக்காரன் ரிட்டர்ன்ல நீங்களே பிரிப்பேரர்னு கையெழுத்துப் போடலாம்."

கடைசியாகச் சொன்னது உண்மை. அதனால்தான் அதற்கு முன்னால் சொன்ன பொய்யையும் சேர்த்து நம்பிவிட்டேன். கூலி வாங்கிக்கொண்டு அமெரிக்க வரிப்படிவம் தயாரிக்கும் எவரும் பிடின் எண் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பரீட்சை கிடையாது, பட்டம் வேண்டாம். தயாரிப்பாளர் எல்லாரும் பரீட்சை எழுத வேண்டும் என்று ஐஆர்எஸ் 2011-இல் விதி கொண்டுவந்தது. 2013-இல் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. கலிபோர்னியா, ஓரிகான் போன்ற சில மாநிலங்களுக்குத் தனி விதி இருக்கிறது, அது வேறு கதை. ஐஆர்எஸ் பரீட்சை வைத்துத் தரும் தகுதி என்றால் அது என்ரோல்டு ஏஜென்ட். தனிநபர், வணிகம், பிரதிநிதித்துவம் என்று மூன்று தாள், ஒவ்வொன்றிலும் நூறு கேள்வி. அதை எழுதத் தேவையான எண்தான் இந்தப் பிடின். பரீட்சை ஹால் டிக்கெட்டைக் காட்டி 'நீங்கள் பாஸ்' என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் எனக்கு நடந்தது.

கட்டணம் 65,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 11,700. கையில் 10,700 கட்டினேன். மீதி 66,000-க்கு 'வட்டியில்லாத் தவணை' என்று டேப்லெட்டை நீட்டி ஓடிபி கேட்டார்கள். சொல்லிவிட்டேன். அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன் என்பது முதல் தவணை 5,500 ரூபாய் பிடித்த குறுஞ்செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. பணம் மொத்தமாக அவர்களுக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் கடன் என்னுடையது.

ரசீது கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வரி சொல்லித்தருகிற இடம், ரசீதில் ஜிஎஸ்டி எண் மங்கலாக அச்சாகியிருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். பதிவு ரத்து என்று வந்தது. அப்படியானால் என்னிடம் வாங்கிய 11,700 எங்கே போனது? தினமும் இதையே பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு, பணம் கட்டி மூன்று மாதம் கழித்துச் சரிபார்த்த என்னையும் சொல்ல வேண்டும்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லைடை வாசிப்பார்கள். தனிநபருக்கான நிலையான கழிவு 12,550 டாலர் என்று ஒரு ஸ்லைடில் இருந்தது. அது 2021-ஆம் வருடக் கணக்கு. 2024-க்கு 14,600. கேட்டதற்கு "கான்செப்ட் ஒண்ணுதாங்க" என்றார் சார்.

பிப்ரவரியில் 'இன்டர்ன்ஷிப்' ஆரம்பித்தது. சம்பளம் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது: டெக்சாஸில் இருக்கும் யாரோ ஒருவருடைய டபிள்யூ-2, அதாவது வேலை தருபவர் கொடுக்கும் சம்பள விவரப் படிவம். சம்பளம், வீட்டு முகவரி, நம் ஆதார் மாதிரி அங்கே இருக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் ஒன்பது இலக்கமும் அப்படியே. குழுவில் நாற்பது பேர். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் தயாரிப்பாளருக்கு அந்த ஊர் வரித்தகவலை அனுப்ப எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், அந்த எண்ணையும் பொதுவாக மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கை கூசியது. அந்தத் தகவலை வைத்து 1040 என்ற தனிநபர் வருமான வரிப்படிவத்தைப் போட்டு முடித்தேன். கீழே, கூலிக்குத் தயாரித்தவர் என்ற கட்டத்தில் என் பெயரும் என் பிடின் எண்ணும் தானாக வந்து நின்றன.

அன்று இரவுதான் உறைத்தது. எனக்குப் பிடின் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். பாஸ்போர்ட் நகலை நோட்டரியிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது நான், ஆனால் கணக்கு தொடங்கியது அவர்கள் மின்னஞ்சலில், பாஸ்வேர்டும் அவர்களிடம். நான் பார்க்காத எத்தனை ரிட்டர்னில் என் எண் போயிருக்கிறதோ!

பாஸ்வேர்டைக் கேட்டேன். "எக்ஸாம் முடியட்டும் தம்பி, மார்ச் 20-க்கு ஸ்லாட் போட்டாச்சு" என்றார்கள். என்ரோல்டு ஏஜென்ட் பரீட்சை மே முதல் பிப்ரவரி வரைதான் நடக்கும். மார்ச், ஏப்ரலில் கிடையவே கிடையாது. அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை.

பிடின் பிரிவுக்கு நானே எழுதி, மின்னஞ்சலை மாற்றினேன். எண்ணைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று படிவம் 14157-இல் புகார் அனுப்பியிருக்கிறேன். இங்கே நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். வாட்ஸ்அப் குழுவை அவர்கள் கலைப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தது உதவியது. அங்கே படிக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் இன்றைக்கே உங்கள் பிடின் கணக்குக்குள் சொந்தமாக நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.

படிக்கத்தான் வேண்டுமென்றால் ஐஆர்எஸ்ஸின் வெளியீடு 17 இலவசம். தன்னார்வலர்களுக்கான 'லிங்க் அண்ட் லேர்ன் டாக்ஸஸ்' பயிற்சியும் அவர்கள் தளத்திலேயே சும்மா கிடைக்கிறது. நான் இப்போது அதில்தான் படிக்கிறேன்.

1915 புகாருக்குப் பிறகு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் போட்டிருந்த கூகுள் ரிவ்யூவை எடுத்துவிட்டால் 15,000 திருப்பித் தருகிறார்களாம். நான் எடுக்கவில்லை. தவணை இன்னும் நான்கு பாக்கி, அடுத்தது ஐந்தாம் தேதி.