கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் ஸ்கேன்: ஃபிளாட்பெட்டா, ஃபிலிம் ஸ்கேனரா, கேமராவா?

ஃபிலிம் ஸ்கேன் செய்யக் கருவி வாங்கப் போகிறவர் வழக்கமாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்: டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எவ்வளவு, டிமேக்ஸ் (எவ்வளவு அடர்ந்த இடத்தைப் படிக்கும்) எவ்வளவு, தூசியைத் தானாக நீக்கும் வசதி இருக்கிறதா. வண்ண ஸ்லைடு வைத்திருப்பவருக்கு மூன்றுமே முக்கியம்தான். ஆனால் கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் என்று வந்துவிட்டால், முதலாவதை அப்படியே நம்ப முடியாது, இரண்டாவது தேவைப்படாது, மூன்றாவது வேலையே செய்யாது. இவற்றை ஓரமாக வைத்துவிட்டு, பிரிண்ட் எவ்வளவு பெரிதாக வேண்டும், ஃபிலிம் எவ்வளவு தட்டையாக நிற்கிறது, அதன் வழியே எந்த மாதிரி ஒளி போகிறது என்ற கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

தூசியை முதலில் முடித்துவிடுவோம். டிஜிட்டல் ஐஸ் போன்ற வசதிகள் அகச்சிவப்பு ஒளியில் இயங்குகின்றன. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைக் கடக்க விட்டுவிடும்; தூசியும் கீறலும் மறிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து ஸ்கேனர் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும் என்பதால், படத்தையே தூசி என்று எண்ணி ஸ்கேனர் விவரங்களை அழித்துவிடும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் போல, வண்ண நெகட்டிவுக்கான சி-41 ரசாயனத்தில் டெவலப் ஆகும் ஃபிலிம் மட்டும் விதிவிலக்கு. அதில் கடைசியில் மிஞ்சுவது சாயம்தான். ட்ரை-எக்ஸ், எச்பி5 பிளஸ், கோடாக் டி-மேக்ஸ் (T-Max) போன்ற வழக்கமான கறுப்பு-வெள்ளை ஃபிலிம் எதுவானாலும் அந்த வசதியை அணைத்துவிட்டு, ப்ளோயரும் மென்மையான பிரஷும் கையில் எடுக்க வேண்டியதுதான். மிச்சத் தூசியைத் திரையில் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். எந்தக் கருவி வாங்கினாலும் இந்த உழைப்பு உண்டு. அதனால் அகச்சிவப்பு வசதிக்காக அதிகப் பணம் கொடுத்து மேல் மாடலுக்குப் போக வேண்டாம்.

டிமேக்ஸ் என்பது எவ்வளவு அடர்ந்த இடம் வரை ஸ்கேனர் ஊடுருவிப் பார்க்கும் என்ற அளவு. இது மடக்கைக் கணக்கு: 2.0 என்றால் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு கடக்கிறது, 3.0 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. சரியாக டெவலப் செய்த கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் மிக அடர்ந்த இடமே பெரும்பாலும் 2.0ஐத் தாண்டாது. அந்த அளவை இன்று விற்கிற எந்த நல்ல கருவியும் எட்டும். 4.0 என்ற விளம்பரம் ஸ்லைடுக்காரர்களுக்கானது.

மிச்சம் இருப்பது டிபிஐ. எப்சன் வி600, வி850 என்ற ஃபிளாட்பெட் ஸ்கேனர்கள் இரண்டுமே 6400 டிபிஐ என்று அறிவிக்கப்பட்டவை. கோட்டுச் சோதனைப் பலகையை வைத்துப் பார்த்தால் வி600 உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1500; வி850 சுமார் 2300. 35 மி.மீ. ஃபிலிமுக்கென்றே உள்ள பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200, 7200 என்று சொல்லிக்கொண்டு 3200ஐ ஒட்டி நிற்கிறது. மென்பொருளில் 6400 என்று தேர்ந்தெடுத்தால் கோப்பு பருக்கும், விவரம் கூடாது.

இதைப் பிரிண்ட் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் எடுத்துப் பார்க்கும் பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 35 மி.மீ. பிரேமின் நீளம் 36 மி.மீ.; அதை 12 அங்குல நீளத்துக்குப் பெரிதாக்க 3600 புள்ளி வேண்டும், அதாவது உண்மையான 2540 டிபிஐ. 18 அங்குலத்துக்குப் போனால் 3800. அதே சமயம் 35 மி.மீ.யைவிட அகலமான 120 ரோல் ஃபிலிமின் 6x6 பிரேம் ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம், அதை 12 அங்குலச் சதுரமாகப் பிரிண்ட் போட 1630 டிபிஐ இருந்தால் போதும். ஒரே கருவி ஒரு ஃபிலிமுக்குப் போதாமலும் இன்னொன்றுக்குத் தாராளமாகவும் இருப்பது இதனால்தான். எது சிறந்த ஸ்கேனர் என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த ஃபிலிம், எந்த அளவு பிரிண்ட் என்றுதான்.

சரி, ஃபிளாட்பெட், அதாவது தட்டையான கண்ணாடிமேல் ஃபிலிமை வைத்து எடுக்கும் ஸ்கேனர். 120 ஃபிலிமும் 4x5 அங்குல ஷீட் ஃபிலிமும் வைத்திருப்பவருக்கு இதைவிட நிம்மதியான வழி கிடையாது. 2300 டிபிஐயில் ஒரு 4x5 நெகட்டிவ் 30 அங்குலத்துக்கு மேல் பிரிண்ட் தரும். ஒளி பரவலாக விழுவதால் கீறல்களும் கொஞ்சம் அடங்கித் தெரியும். ஒரு ரோல் முழுவதையும் கான்டாக்ட் ஷீட் மாதிரி ஒரே பார்வையில் எடுத்து, எந்தப் பிரேம் பிரிண்ட்டுக்குத் தகுதி என்று தீர்மானிக்கவும் இதுதான் வசதி. ஆனால் 35 மி.மீ. ஃபிலிமில் ஃபிளாட்பெட் பின்தங்குகிறது. 8x12 பிரிண்ட்டே வி850க்குக் கடைசி எல்லை. வி600இல் 5x7 வரை அழகாக இருக்கும், அதற்கு மேல் கிரெயின் (வெள்ளித் துகள்கள் படத்தில் தரும் பொடிப்பொடியான தோற்றம்) மங்கி மாவாகிவிடும். கறுப்பு-வெள்ளை பிரிண்ட்டின் உயிரே கூரான கிரெயினில் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். அதனால் இதை லேசான குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வாங்கியாயிற்று என்றால் ஒரு விஷயம் செய்து பாருங்கள். இந்த வகை ஸ்கேனர்களில் ஃபோகஸ் தானாக நகராது. கண்ணாடியிலிருந்து ஃபிலிம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே கூர்மையைத் தீர்மானிக்கிறது. வி850இன் ஹோல்டரில் உயரத்தை மாற்றலாம். ஒரே பிரேமை ஒவ்வொரு உயரத்திலும் ஸ்கேன் செய்து, கிரெயின் எங்கே கூராகிறது என்று பார்த்து அங்கேயே நிறுத்திவிடலாம். சுருண்ட ஃபிலிமுக்கு நியூட்டன் வளையம் வராத சொரசொரப்பான கண்ணாடி உதவும். வழவழப்பான சாதாரணக் கண்ணாடி ஃபிலிமின் பளபளப்பான முதுகில் பட்டால் வானத்தில் வளையம் வளையமாகக் கோடு விழும்.

அடுத்தது 35 மி.மீ. ஃபிலிம் ஸ்கேனர். பிளஸ்டெக் சின்னது, இடம் அடைக்காது, ஃபிளாட்பெட்டைவிட நிச்சயமாகக் கூர்மையானது. ஹோல்டரைக் கையால் ஒவ்வொரு பிரேமாகத் தள்ள வேண்டும். ரோல் ரோலாக எடுக்கிறவருக்குப் பொறுமை போய்விடும். பழைய நிக்கான் கூல்ஸ்கேன் 5000, 9000 இரண்டும் 4000 டிபிஐ என்று சொல்லி ஏறக்குறைய அதையே தருகின்றன, ஃபோகஸும் தானே பிடிக்கின்றன. ஆனால் உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. உதிரி பாகம் அரிது, 9000ஐ இணைக்க ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு உள்ள கணினி வேண்டும், நிக்கானின் மென்பொருளுக்குப் பதிலாக வ்யூஸ்கேன் என்ற வேறு ஸ்கேன் மென்பொருள்தான் துணை.

கூல்ஸ்கேன் கறுப்பு-வெள்ளையில் நடந்துகொள்ளும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளித் துகள் ஒளியைச் சிதறடிக்கும். நேர்க்கோட்டில் வரும் கறாரான ஒளியைப் பாய்ச்சினால், சிதறிய பங்கு லென்ஸுக்கு வந்து சேராது. அடர்ந்த இடம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும், கான்ட்ராஸ்ட் ஏறும், ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று நிற்கும். இதற்குக் காலியர் விளைவு என்று பெயர். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர்களில், ஒளியை நேராகக் குவிக்கும் கண்டென்சர் வகைக்கும் பரப்பிவிடும் டிஃப்யூஷன் வகைக்கும் இருக்கிற அதே வேறுபாடு. சாயத்தால் ஆன ஃபிலிமில் இது பெரிதாகத் தெரியாது. கூல்ஸ்கேனின் எல்இடி ஒளி கண்டென்சர் பக்கம் சாய்ந்தது. சுத்தமான, அடர்த்தி குறைந்த நெகட்டிவில் அது அற்புதமாக இருக்கும். கீறல் விழுந்த, அதிகம் டெவலப் ஆன பழைய நெகட்டிவில், தூசி நீக்கும் வசதியும் கைகொடுக்காத நிலையில், பிரிண்ட்டுக்குமுன் மணிக்கணக்கில் ரீடச் செய்ய வைக்கும்.

இப்போது கேமரா, அதாவது நெகட்டிவை டிஜிட்டல் கேமராவால் படம் எடுப்பது. இதற்கு வேண்டியவை: மிக நெருங்கி எடுக்கும் ஒரு மேக்ரோ லென்ஸ், காப்பி ஸ்டாண்ட், எல்இடி ஒளிப்பலகை, ஃபிலிம் ஹோல்டர். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 35 மி.மீ. பிரேம் அளவே இருப்பதால், 1:1 அளவில், அதாவது ஃபிலிமின் அசல் அளவிலேயே, 36 மி.மீ. நீளத்தை 6000 புள்ளியாக எடுக்கிறது. கணக்கில் 4200 டிபிஐக்கு மேல். சென்சாரின் வண்ண வடிகட்டியால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 35 மி.மீ.யில் எந்த ஃபிளாட்பெட்டும் அருகில் வராது. ஒளி பரவலானது, ஆகவே கீறல் சாந்தமாகத் தெரியும். வேகமோ ஒப்பிடவே முடியாது: பிளஸ்டெக் ஒரு பிரேமை முடிப்பதற்குள் கேமரா பல பிரேம் உள்ள ஒரு ஃபிலிம் கீற்றையே முடித்துவிடும். 35 மி.மீ. கறுப்பு-வெள்ளையைப் பிரிண்ட் போடுகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதில் கூர்மையை நாமேதான் சம்பாதிக்க வேண்டும். சென்சாரும் ஃபிலிமும் இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் பிரேமின் நட்ட நடுவில் தெரியும்வரை கேமராவைத் திருத்துவது எளிய வழி, துல்லியமும்கூட. லென்ஸ் துவாரம் எஃப்/5.6 முதல் எஃப்/8க்குள் இருக்கட்டும். 1:1 அளவில் நெருங்கும்போது உண்மையான எஃப் எண் இரட்டிப்பாகிவிடும். எஃப்/11 என்று வைத்தால் அது எஃப்/22 ஆகி, ஒளி விளிம்பில் வளைவதால் கிரெயின் மழுங்கும். ஒளிப்பலகையிலிருந்து ஃபிலிமைச் சில சென்டிமீட்டர் உயர்த்தினால் பலகையின் தூசி ஃபோகஸில் விழாது. பிரேமைச் சுற்றி வரும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிடுங்கள். அது லென்ஸுக்குள் புகுந்தால் கான்ட்ராஸ்ட் போய்விடும்.

எக்ஸ்போஷரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெகட்டிவில் கருமையாக இருக்கும் இடம் பிரிண்ட்டில் வானம், மேகம், வெளிச்சம் பட்ட முகம். கேமரா அந்தக் கருமையைக் குறைந்த ஒளியில் பதிவு செய்தால், சென்சார் இரைச்சல் எல்லாம் பிரிண்ட்டின் வெளிச்சமான இடத்தில் போய் உட்காரும். ஆகவே ஃபிலிமின் வெற்று ஓரம் வெளுத்துப் போகாத எல்லை வரை ஒளியைக் கூட்டி, அடிப்படை ஐஎஸ்ஓவில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுக்க வேண்டும். கேமராவின் பின்திரையில் படம் சப்பென்று வெளிறித் தெரியும். அதுவே சரியான கோப்பு. ரா மென்பொருளில் கர்வைத் தலைகீழாக்கினால் பாசிட்டிவ் கிடைத்துவிடும். கறுப்பு-வெள்ளைக்கு விசேஷ மென்பொருள் கட்டாயம் இல்லை. பச்சை சேனலை மட்டும் எடுத்துப் பார்ப்பதும் நல்லது. சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைதான்.

120 ஃபிலிமைக் கேமராவில் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் 6x6 பிரேமை ஒரே ஷாட்டில் அடக்கினால் 24 மெகாபிக்சலில் அதற்குக் கிடைப்பது உயரத்தின் 4000 புள்ளிதான். பிரிண்ட்டில் அது 13 அங்குலச் சதுரம். வி850 தருவது கிட்டத்தட்ட 5000. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் கேமரா முந்திவிடும், ஆனால் ஒவ்வொரு பிரேமுக்கும் அந்த வேலை. இங்கே ஃபிளாட்பெட்டின் நிம்மதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிரம் ஸ்கேனர், ஃபிளெக்ஸ்டைட் போன்ற தொழில்முறை ஸ்கேனர்கள் வீட்டுக்கு வாங்குகிற சாமான் அல்ல. சுவரை நிறைக்கிற பிரிண்ட்டுக்கு ஒன்றிரண்டு நெகட்டிவை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். டிரம்மில் ஃபிலிமை ஒரு திரவத்தோடு ஒட்டி வைப்பார்கள். ஃபிலிமின் முதுகில் உள்ள கீறல்களை அந்தத் திரவம் நிரப்பி மறைத்துவிடும், ஃபிலிமும் முழுத் தட்டையாக நிற்கும்.

லேபில் டெவலப் செய்யும்போதே ஸ்கேனும் கேட்டால் பெரும்பாலும் 8 பிட் ஜேபெக் வரும், கான்ட்ராஸ்ட் ஏற்றி, ஷார்ப்பனும் செய்து. பார்க்க நன்றாக இருக்கும். பிரிண்ட்டுக்காக மேகத்தின் விவரத்தை மீட்கப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. லேபிடம் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பு கேளுங்கள், ஷார்ப்பன் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் நெகட்டிவை மட்டும் வாங்கிக்கொண்டு நீங்களே ஸ்கேன் செய்யலாம்.

எந்த வழியில் எடுத்தாலும் பிரிண்ட் வரை போகிற கோப்பு 16 பிட் கிரேஸ்கேலில் இருக்க வேண்டும். 8 பிட்டில் 256 சாம்பல் படிகள்தான். கான்ட்ராஸ்ட் குறைந்த ஸ்கேனைக் கர்வில் இழுக்கும்போது மெல்ல மாறும் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். ஸ்கேன் மென்பொருளின் ஷார்ப்பன், தானியங்கி லெவல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அளவைப் பிரிண்ட்டுக்கு மாற்றியபின், எப்சன் பிரிண்டரானால் அங்குலத்துக்கு 360, கேனனானால் 300 என்று வைத்து, அப்புறம் ஷார்ப்பன் செய்தால் போதும். சாம்பல் மைகள் தனியாக உள்ள பிக்மென்ட் பிரிண்டரில் இதன் பலன் முழுதாகத் தெரியும். வண்ண மைகளைக் கலந்தே சாம்பல் செய்கிற பிரிண்டரில் நிழல் பகுதி பச்சையோ ஊதாவோ அடிக்கக்கூடும்.

இரண்டு வழிகளுக்கு இடையே இன்னும் மனம் ஊசலாடினால், திரையில் 100 சதவீதத்தில் வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். கிரெயினும் வானமும் ஆழ்ந்த நிழலும் உள்ள ஒரே பிரேமை இரண்டிலும் எடுங்கள். முழுப் பிரிண்ட் 12x18 என்று திட்டமிட்டால், அந்தப் பெருக்கத்திலேயே 4x6 அங்குலத் துண்டை மட்டும் வெட்டி, இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் போடுங்கள். மை நன்றாக உலர்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில், கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.