வெர்ட்டிகல் மவுஸா, ட்ராக்போலா, இடது கையா?

கல்முனையில் கலியாண அழைப்பிதழ் வடிவமைக்கும் அச்சகத்திலும் மட்டக்களப்பில் நாள் முழுவதும் கணக்குப் பதியும் அலுவலகத்திலும் வலது மணிக்கட்டைத் தடவியபடியே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இருவரின் வலியும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சாதாரண மவுஸுக்குப் பதிலாக இருவருக்கும் ஒரே மாற்று பொருந்தாது.

சாதாரண மவுஸைப் பிடிக்கையில் உள்ளங்கை கவிழ்வதால் முன்கையின் ஓர் எலும்பு மற்றதன் மேல் குறுக்காகச் சாய்கிறது. மணிக்கட்டும் மேல்நோக்கி மடிந்தபடி மேசை விளிம்பில் ஊன்றுகிறது. கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் வெர்ட்டிகல் மவுஸ் அந்த முறுக்கைத் தளர்த்துவதோடு, நகர்த்தும் வேலையை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் தோளுக்கும் பகிர்ந்துவிடுகிறது. நுணுக்கமாக வரைபவர்களுக்கு முதல் சில நாட்கள் கை தடுமாறினாலும் பின்னர் பழகிவிடும். ஆயினும் அதை மருந்தாக எண்ண வேண்டாம்: மணிக்கட்டுச் சுரங்க நோய் (மணிக்கட்டினூடே செல்லும் நரம்பு நசுங்கும் நோய்) உள்ளவர்களைக் கொண்டு செய்யப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அது மணிக்கட்டின் நிலையை மாற்றியதே தவிர, நரம்பு செல்லும் சுரங்கத்தின் அழுத்தத்தைக் குறைக்கவில்லை.

ட்ராக்போலில் கை அசையாது, உருண்டை மட்டுமே சுழலும். குறுகிய மேசைக்கும் தோள்வலிக்காரருக்கும் அது நல்லது. ஆனால் பெருவிரலால் உருட்டும் வகை, மணிக்கட்டின் பாரத்தைப் பெருவிரல் தசைநாணில் ஏற்றிவிடக்கூடும் என்பதால், நடுவில் பெரிய உருண்டை வைத்து மற்ற விரல்களால் உருட்டும் வகையையே நான் விரும்புவேன். நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வையும் தூசியும் சேர்ந்து உருண்டை இறுகும். அவ்வப்போது கழற்றித் துடைக்கச் சோம்பல்படுபவர்கள் வாங்காதிருப்பதே மேல்.

செலவே இல்லாத மூன்றாவது வழி இடது கை. முழு அளவுக் கீபோர்டின் வலப்புறத்தில் எண் விசைகள் இருப்பதால் மவுஸ் அவற்றுக்கும் அப்பால் தள்ளப்பட, தோள் நாள் முழுவதும் வெளிப்புறமாக விரிந்தே நிற்கிறது. மவுஸை இடப்புறம் வைத்து, விண்டோஸ் அமைப்பில் பொத்தான்களை இடம் மாற்றிக்கொண்டால் வலது கை எண்களோடு மட்டும் நிற்கும். கணக்கு எழுதுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. எண் விசைகளே தேவைப்படாத வடிவமைப்பாளர் அவை இல்லாத சிறிய கீபோர்டை வைத்துக்கொண்டு மவுஸை உடலருகே இழுத்துவிடலாம். விலையுயர்ந்த மவுஸை வாங்குவதற்கு முன்னர் அவர் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

எந்தக் கருவியானாலும் முழங்கை உடலோடு ஒட்டி ஏறத்தாழ 90 பாகையில் மடிந்திருக்க வேண்டும். திரையில் நகரும் சுட்டியின் வேகத்தைச் சற்றே கூட்டினால் கை அசையும் தூரமும் குறையும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் விறைத்து உறக்கத்தைக் கலைக்கின்றனவென்றால், மவுஸ் தேடுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கையைக் காட்டுங்கள்.