எடைமேடைக்கு ஒரு பழைய விண்டோஸ்: விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, ஹைப்பர்-வியா, கேவிஎம்மா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை, கிரானைட் பட்டறை வைத்திருப்பவர்கள், நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக மாறலாம். ஆனால் டேலி கணக்கு மென்பொருளும் எடைமேடை மென்பொருளும் விண்டோஸை விட்டு நகராது. அவற்றுக்காக லினக்ஸுக்குள்ளேயே ஒரு விண்டோஸை விஎம்மாக (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினியாக) ஓட்ட வேண்டியதுதான். அதற்கான மென்பொருள்கள்தான் தலைப்பில் உள்ள நான்கும். ஹைப்பர்-வி விண்டோஸோடு வருவது, மற்ற மூன்றும் லினக்ஸில் ஓடும்.

எது வேகம் என்று பார்த்து இதில் முடிவெடுக்காதீர்கள். நான்குமே பிராசஸரில் இருக்கும் மெய்நிகராக்க வசதியைத்தான் பயன்படுத்துகின்றன. பில் போடும் வேலைக்கு வித்தியாசம் தெரியாது. (அந்த வசதி பயாஸில், அதாவது விண்டோஸோ லினக்ஸோ ஏறும் முன் வரும் அமைப்புத் திரையில், அணைந்திருந்தால் எதுவுமே ஒழுங்காக ஓடாது. முதலில் அதை ஆன் செய்யுங்கள்.) பார்க்க வேண்டியது இரண்டுதான்: கணினியின் பின்னால் என்னென்ன கேபிள் செருகியிருக்கிறது, அப்டேட் வந்த மறுநாள் காலையில் யார் வந்து சரிசெய்வார்கள்.

எடைமேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் லோடு ஏறி நின்றதும் இண்டிகேட்டர் காட்டும் எடை, ஒன்பது ஊசி சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வரும். பின்னால் சீரியல் போர்ட் இல்லாத கணினி என்றால் நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றி இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு செட்டிங்ஸுக்குள் சீரியல் போர்ட்ஸ் பகுதிக்குப் போய் காம்1-ஐ ஹோஸ்ட் டிவைஸ் என்று வைத்து, லினக்ஸ் அந்த போர்ட்டுக்குக் கொடுத்திருக்கும் பெயரை எழுதினால் போதும். உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்க மறந்தால் மட்டும் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். விஎம்வேரிலும் கேவிஎம்மிலும் இதே வேலை நடக்கும். ஹைப்பர்-வியில் நடக்காது. அங்கே காம் போர்ட்டை நேம்டு பைப்போடுதான் (நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மென்பொருள் குழாய்) இணைக்க முடியும், கணினியில் செருகிய கேபிளோடு முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்ற யுஎஸ்பி சாதனங்களையும் ஹைப்பர்-வி நேரடியாக விஎம்முக்குள் விடாது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சுற்றிவளைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் போக, அது விண்டோஸ் ப்ரோ, அதற்கு மேற்பட்ட பதிப்புகளில்தான் வரும். ஹோம் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. கேபிள் தொல்லை இல்லாமல் விண்டோஸ் 11 ப்ரோவிலேயே இருப்பவர்களுக்கு அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதை ஆன் செய்துவிட்டு விர்ச்சுவல்பாக்ஸையும் ஓட்டினால், விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடியில் ஒரு பச்சை ஆமை வந்து உட்காரும். பேருக்கேற்ற வேகம்தான்.

லினக்ஸ் மேசையில் மிச்சம் மூன்று. நிறுவ எளிது விர்ச்சுவல்பாக்ஸ். கல்லூரியில் பழகியவர்கள் முதலில் அதையே தேடுவார்கள். 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது. அதனால் கூடுதல் வசதிகளுக்காகத் தனியாகப் போடும் எக்ஸ்டென்ஷன் பேக் பெரும்பாலும் தேவையில்லை. வேண்டவும் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம். ஆலை அலுவலகத்தில் போட்டால் உரிமம் வாங்க வேண்டும். யுஎஸ்பி சாதனம் பட்டியலில் தெரியவில்லை என்றால் விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸின் உண்மையான பலவீனம், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு வரும் அப்டேட். விர்ச்சுவல்பாக்ஸ் தன் கர்னல் மாட்யூலை (கர்னலோடு சேர்ந்து ஓடும் துணை நிரலை) ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகக் கட்டிக்கொள்கிறது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏறவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் அந்த மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும். லினக்ஸ் 6.12-இலிருந்து இன்னொரு சிக்கல். கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே பிராசஸர் வசதியைப் பிடித்துக்கொள்வதால் விர்ச்சுவல்பாக்ஸ் பிழை காட்டி நின்றுவிடலாம். கேவிஎம் மாட்யூலை நினைவகத்திலிருந்து நீக்கினால் சரியாகும். இது தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. சீசனில் வாசலில் லாரி வரிசை நிற்கும்போது, கணக்குப்பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோவுக்கு முன்பு காசு. பிராட்காம் வாங்கிய பிறகு, 2024 நவம்பரிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். திரைக்காட்சி வழுவழுப்பு, ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைச் சேமித்து வைப்பது) நிர்வாகம் எல்லாம் இதில்தான் நேர்த்தி. ஆனால் இறக்கிக்கொள்ள பிராட்காம் தளத்தில் கணக்குத் திறந்து அலைய வேண்டும். கர்னல் மாட்யூல் தலைவலி இதற்கும் உண்டு.

கேவிஎம் 2007-இலிருந்தே லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கிறது. கர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும், தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை. என் ஓட்டு இதற்குத்தான். கேவிஎம்மை ஜன்னலில் கையாளும் விர்ட்-மேனேஜரை நிறுவி, பயனரை லிப்விர்ட் குழுவில் சேர்த்தால் சுட்டியாலேயே எல்லாம் செய்யலாம். முதல் நாள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். விஎம்மின் வட்டும் நெட்வொர்க்கும் வேகமாக ஓட உதவும் விர்டியோ டிரைவரை விண்டோஸுக்குத் தனி ஐஎஸ்ஓ கோப்பாகக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 7 என்றால் புதிய டிரைவர்கள் சேராது. வட்டின் வகையை வழக்கமான சாட்டா என்றே விட்டுவிடுங்கள், எடைச்சீட்டு அடிக்க அது போதும். அந்த ஏழுக்கு இணையம் வேண்டாம், நெட்வொர்க் கார்டையே எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கேவிஎம் சறுக்கும். விஎம்மில் இருக்கும் டேலியை மற்ற கணினிகளும் திறக்க வேண்டுமென்றால் பிரிட்ஜ் இணைப்பு (விஎம்மும் அலுவலக நெட்வொர்க்கில் தனிக் கணினி போலச் சேர்வது) வேண்டும். வைஃபை மேல் சாதாரணமாக அது அமையாது. விர்ச்சுவல்பாக்ஸ் அதைச் சமாளித்துவிடும். ஆகவே லேன் கேபிள் இழுக்க முடியாத அலுவலகத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள், கர்னல் அப்டேட்டை மட்டும் வேலை முடிந்த நாளில் நிதானமாகச் செய்யுங்கள்.

எட்டு ஜிபி ரேம் உள்ள கணினியில் விஎம்முக்குப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடவும் கூடாது, ஸ்னாப்ஷாட்டும் விஎம்மும் ஒரே வட்டில்தான் கிடக்கின்றன. வாரம் ஒருமுறை விஎம்மை முறையாக அணைத்து, வட்டுக் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். பின்னால் விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து கேவிஎம்முக்கு மாறத் தோன்றினால் முதலில் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி, விஎம்முக்குள் போட்ட விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் கேவிஎம்மோடு வரும் கியூஎமு கருவியே விடிஐ கோப்பை (விர்ச்சுவல்பாக்ஸின் வட்டுக் கோப்பு) தன் வடிவத்துக்கு மாற்றித் தரும். விண்டோஸ் மட்டும் புதுக் கணினி என்று நினைத்து மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.