கண்டல் (கரையோர உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரங்கள்): புதிதாக நடுவதா, இருப்பதைக் காப்பதா?

திருகோணமலையில், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கரைக்கு நல்லது செய்ய நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: நட்டால் நாற்று, வேலி, கூலி. காத்தால் வெட்டாமல், குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பு மட்டும்.

தாக்குப்பிடிப்பு: 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டவற்றில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. நீர்மட்டம் பாராமல் நட்டார்கள், மாடும் மிதித்தது. பழைய கண்டலிலோ வேர்களுக்கிடையே இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. கால் வைத்தால் முழங்கால்வரை புதையும் அந்தக் கறுப்புச் சேற்றில் நெடுங்காலக் காபன் அடைந்து கிடக்கிறது. காட்டை அழித்தால் அதுவும் காற்றில் கலக்கும்.

சுலபம்: நடுவது ஒருநாள் வேலை, பராமரிப்பு பல வருடம்.

கண்டல் நிற்கும் இடத்தில் காப்பதுதான் சரி. அழிந்த இடமென்றால் முதலில் நீரோட்டத்தைத் திறந்துவிடுங்கள். முருங்கைக்காய் போலத் தொங்கும் முளைகள் மிதந்துவந்து தாமாக ஊன்றாவிட்டால், அப்புறம் நடுங்கள்.