காகத்துக்கு ரைபிள்: தேடிப்போவதா, ஒளிந்திருப்பதா?

போன பெரும்போகத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கால் ஏக்கரில் சோளம் போட்டேன். இலங்கையில் பண்டாரவளைப் பக்கம், தேயிலை மலைக்கும் லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) நடுவில் ஒரு துண்டு நிலம். முளை வந்த நாலாம் நாள் விடியப் பார்த்தால் மூன்று வரி காலி. பிடுங்கின நாற்று வரியோடு வரியாகக் கிடக்கிறது, இலைகூட வாடவில்லை, அடியில் இருந்த விதை மட்டும் இல்லை. அண்டங்காக்கையின் கைவரிசை இது. முளையை அலகால் பிடித்து இழுக்கும், விதையைத் தின்னும், அடுத்ததுக்குப் போகும்.

வெருளி, பழைய சீடி, பளபளக்கும் நாடா எல்லாம் மூன்று நாளைக்கு. அப்புறம் வெருளியின் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வலை நல்லதுதான், ஆனால் கால் ஏக்கருக்கு வலை வாங்கும் காசுக்குச் சோளத்தையே வாங்கிவிடலாம். 2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுக்க ஐந்து நிமிடம் பயிரை அழிக்கும் குரங்கையும் மயிலையும் எண்ணினோமே, அதில் காகத்தைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் என் பங்குக்கு ஒரு பக்கம் நிரப்பியிருப்பேன்.

கடைசியில் மச்சானின் எயார் ரைபிள்தான். (அனுமதி விடயத்தை முதலில் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பொலிஸிலும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.) அதை வைத்து இரண்டு விதமாகச் சுட்டுப் பார்த்தேன்: நடந்துபோய்ச் சுடுவது, ஒளிந்திருந்து சுடுவது.

நடந்துபோய்ச் சுடுவதில் ஆயத்தமே தேவையில்லை. சத்தம் கேட்டால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். முதல் நாள் ஒன்று விழுந்தது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இரண்டாம் நாளிலிருந்து கதவைத் திறந்ததுமே பறந்தன. என் மனைவி அதே வரியில் களை பிடுங்கினால் ஒன்றும் அசையாது. நான் வெறுங்கையோடு போனாலும் கத்தல் கிளம்பும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006இல் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து விடுவித்தார்கள். பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தினவாம். எனக்கு முகமூடியே தேவைப்படவில்லை.

ஆனால் நான் அந்த முறையை விட்டது காகம் பறந்ததால் இல்லை, குண்டு போன இடத்தால்.

நடந்துபோகிறவனுக்குக் காகம் தரையில் நிற்காது, சபுக்கு மரத்து நுனியில்தான் இருக்கும். அண்ணாந்துதான் சுட வேண்டும். ஒரு காலை அப்படிச் சுட்டேன், தப்பியது. ஒரு கணம் கழித்துக் கீழ் லயத்துத் தகரத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம். நூற்றைம்பது மீற்றராவது இருக்கும். ஒரு அக்கா வெளியே வந்து கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்று வேலைக்குப் போகும்வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முப்பது மீற்றருக்கு மேல் காகத்தைச் சரியாக விழுத்த முடியாத அதே ஈயக் குண்டு, மேல்நோக்கிப் போனால் இருநூறு மீற்றர் தாண்டியும் விழும். சமவெளியில் வயல்தான் கிடக்கும். இங்கே சரிவு. மேலே ஒரு பாதை, கீழே ஒரு லயம், நடுவில் தேயிலை. கொழுந்து எடுக்கிறவர்கள் குனிந்து நின்றால் தேயிலைச் செடி மட்டத்துக்கு மேல் தலைத்துண்டுகூடச் சரியாகத் தெரியாது. ஆளில்லாத மலை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் இருபது பேர் இருப்பார்கள். மலைநாட்டில் சுடும் முறையைத் தெரிவுசெய்ய வேறு காரணமே வேண்டாம்.

ஒளிந்திருப்பதில் இந்தத் தலையிடி இல்லை, ஏனென்றால் குண்டு எங்கே போக வேண்டும் என்பதைக் காகம் வருமுன்பே நீங்கள் முடிவுசெய்துவிடுகிறீர்கள். கவ்வாத்து வெட்டின மிலாறை (தேயிலைக் கிளைகளை) அடுக்கி, மேலே பழைய சாக்கு போட்டு ஒரு மறைப்புச் செய்தேன். மறைப்பு உயரத்தில், இருபது மீற்றர் தள்ளி, கீழே, மண் கட்டின் அடியில் இரை. கருவாட்டுத் தலையும் முட்டைக்கோதும் போதும். தப்பினாலும் குண்டு மண்ணுக்குள்தான். மறைப்பைக் கட்டி மூன்று நாள் சும்மா விட வேண்டும். விடியுமுன் உள்ளே போய்விட வேண்டும். முகத்தையும் கையையும் மூடாவிட்டால் வெள்ளையாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும். சாக்கு ஓட்டையில் என் கைக்கடிகாரம் மினுங்கியே ஒரு காலை வீணானது.

முக்கியமானது சுட்ட பிறகு. உடனே எழுந்து வராதீர்கள். வந்தால் மறைப்புக்குள் ஆள் இருக்கிறான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மல்லாந்து கிடக்கும் காகத்துக்கு மேல் மற்றவை வட்டமிட்டுக் கத்தும், அரை மணித்தியாலம் கத்தட்டும். நான் ஒரு காலைக்கு ஒன்றுதான் சுட்டேன், ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. ஆறு நாள் காலையில் நான்கு விழுந்தன. அதில் ஒன்றை வரிக்கு நடுவில் கம்பில் கட்டித் தொங்கவிட்டேன், மற்றதைப் புதைத்தேன். ஈயம் உள்ளதை நாய்க்குப் போடாதீர்கள். தீப்பெட்டி அளவு இலக்கை இருபது மீற்றரில் பத்துக்குப் பத்து அடிக்க முடியாவிட்டால் காகத்தைத் தொடவே வேண்டாம். காயத்தோடு பறக்கும் காகத்தைப் பார்ப்பது நல்ல காட்சி இல்லை. இன்னொன்று, ஆண் குயிலும் கறுப்புத்தான். சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டுச் சுடுங்கள், அதாவது சுடாதீர்கள்.

காகம் பறந்துவரும் வழியில் நின்று சன்னம் சிதறும் சாதாரணத் தோட்டாத் துப்பாக்கியால் (ஷொட்கன்) பறக்கும்போதே சுடுவதும் ஒரு முறை. மொனராகலைப் பக்கம் சேனைப் பயிர் செய்யும் (காடு வெட்டிப் பயிரிடும்) ஒருவரோடு இரண்டு தடவை நின்றிருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். சுறுசுறுப்பான வேலை, தோட்டாச் செலவு கூட. லயங்களுக்கு நடுவில் அதை நினைத்தும் பார்க்க மாட்டேன்.

இத்தனைக்கும் காவல் இரண்டு மூன்று கிழமைக்குத்தான். வேர் பிடித்து விதையும் கரைந்துவிட்டால் காகத்துக்கு அந்தச் செடியில் வேலை இல்லை. அது பிறகு கதிர் முற்றும்போது வரும். அந்தக் கட்டத்தில் நான் காவல் இருந்து பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அம்மா சனிக்கிழமை தவறாமல் காகத்துக்குச் சோறு வைப்பவர். நான் துப்பாக்கி எடுத்ததும் சோற்றுக் கல்லை லயத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார், என்னோடு இரண்டு நாள் பேச்சும் இல்லை. சோளம் முழங்கால் உயரம் வந்ததும் சாக்கைப் பிரித்தேன். அந்தச் சனிக்கிழமை கல் பழைய இடத்துக்கு வந்தது. அம்மா கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை, நான் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை.